உன் அம்மா கட்டிய வீட்டை நான் பார்க்கவில்லை

முகிலா,

நீ ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொள்ள இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் இருவரும் கனடாவிலிருந்து வந்து இறங்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயாது. நீயும் நானும் தனியாக உட்கார்ந்து பேச முடியாது. அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் மூன்று முறை சொல்ல முயன்றேன். நீ "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டதும் ஒவ்வொரு முறையும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். எழுதினால் நீ நடுவில் எதுவும் கேட்க முடியாது, நானும் தப்பிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். நல்ல சேதிக்காக எழுதவில்லை. நின்றுகொண்டே படிக்காதே, எங்காவது உட்கார்ந்து படி.

உன் வேலையிலிருந்து தொடங்குகிறேன். படிப்பை முடித்துவிட்டுக் கோலாலம்பூரில் கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் சேரப்போகிறேன் என்று நீ சொன்னபோது இரண்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. "வெளையாட்டு செய்யறதெல்லாம் ஒரு வேலையா? கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "படம் வரையறான்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே" என்றாள். நான் அதையும் சொல்லவில்லை. நில அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் நீ கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறாய் என்று மட்டும் சொல்லி வைத்தேன். நீங்கள் நான்கு வருஷம் உழைத்து அந்த விளையாட்டைச் செய்தீர்கள். கடலுக்கு நடுவே ஒரு தீவு, வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துண்டு நிலம். அதில் செடி நடலாம், வீடு கட்டலாம், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடலாம். மரங்களையும் வீடுகளையும் கடலையும் வரைந்தது நீ. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அது விற்பனைக்கு வந்தபோது நீ அவளுக்கு இலவசமாக அனுப்புகிறேன் என்றாய். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்பா. நீ செஞ்சத நான் காசு குடுத்துத்தான் வாங்குவேன்" என்றாள். போனில் வாட்சாப் தவிர வேறெதுவும் தெரியாதவள், உன் பழைய அறையில் ஒரு கணினியை வாங்கி வைத்து, உன்னிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். வாங்கிவிட்டீர்கள் என்று வந்த மின்னஞ்சலைத் நம் தாமான் குடியிருப்பின் முனைக் கடையில் அச்செடுத்து, நம் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் சொருகி வைத்தாள். வாங்கியவர் பெயருக்கு நேராக அவள் பெயர் இருந்தது. அவள் பெயரில் வேறு எந்தச் சொத்தும் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிவிட்டு, இரண்டு மணிக்கு அந்த அறைக்குப் போவாள். நாலு மணிவரை அங்கேதான். கதவு பாதி திறந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, "அட, இதுக்குத் தண்ணி ஊத்தலையே" என்று திரையோடு பேசுவது கூடம்வரை கேட்கும். நான் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் வீட்டம்மா அறுபது வயசுல கேம் வெளையாடறாங்க லா" என்று அவள் காதுபடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் சிரித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் அப்படிப் போனது. அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் உள்ளே போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கவில்லை. நேரமில்லாமல் இல்லை, ஓய்வு பெற்று வீட்டில் சும்மாதான் இருந்தேன். உன் மேலிருந்த கோபமும் எப்போதோ போய்விட்டிருந்தது. முதலில் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், பிறகு போய்ப் பார்க்க வெட்கமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். இவ்வளவு சின்னக் காரணத்துக்கு ஒரு மனிதன் மூன்று வருஷம் பிடிவாதமாக இருக்க முடியும் என்பதை நீயும் தெரிந்து வைத்துக்கொள்.

தன் நிலத்துக்கு அவள் யாரையும் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். அதைச் செய்த உன்னையே விடவில்லை. "இன்னும் வேலை பாக்கி இருக்கு, அரைகுறையா பாக்காத" என்று வாசலைப் பூட்டியே வைத்திருந்தாள். பிறகு வயிற்று வலி வந்தது. கட்டி என்றார்கள். ஏழு மாதம். கடைசி இரண்டு மாதம் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "எழுந்து உக்காந்தேன்னா மீதிய முடிச்சிருவேன்" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து உட்காரவில்லை. நீ வந்தாய், கருமாதிவரை இருந்தாய், திரும்பிப் போனாய். நீ வேலை பார்த்த நிறுவனத்தை அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி, உங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உனக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. நான் இந்தப் பக்கம் ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினேன். அவளுடைய கைப்பேசி எண்ணை நிறுத்தினேன். உன் அறையைச் சாத்தினேன். எண்ணை நிறுத்தியதில் என்ன போனது என்று அன்று எனக்குத் தெரியாது.

அவள் போன ஐந்தாவது மாதம் நீ காலையிலேயே கூப்பிட்டாய்.

"அப்பா, அந்த கேம மூடப்போறாங்க. இந்த மாசக் கடைசியோட சரி."

"மூடட்டுமே. நம்மதான் வாங்கிட்டோம்ல?"

"அப்படி இல்லப்பா. அவங்க மூடிட்டா அம்மாவோடது தொறக்காது. அம்மா கட்டுன எதையும் பாக்க முடியாது. நான் இங்கேருந்து அம்மா கணக்குல உள்ள போகலாம்னு பாத்தேன், அம்மா போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவோம்னு சொல்லுது."

"அந்த லைன நான் கட் பண்ணிட்டேனே."

"அலமாக்!" என்று ஐயோ போட்டாய். "சரி, பரவால்லப்பா. நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல அம்மா ஏற்கெனவே உள்ள போயிருக்காங்க, அதுல நேரா தொறந்துரும். நீங்க போய்ப் பாருங்க. போன்ல போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அம்மா என்ன செஞ்சிருக்காங்கன்னு நான் பாக்கணும்பா."

சரி என்றேன். நீ எதற்கோ பதறுகிறாய் என்றுதான் உண்மையில் நினைத்தேன். நமக்குக் குளிர்சாதனப் பெட்டி விற்ற ஸ்கூடாய் கடையை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. பெட்டி இன்னும் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்த பொருளை யாரோ எங்கோ உட்கார்ந்துகொண்டு நிறுத்துவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அதோடு, அந்த அறைக்குள் என்னால் போக முடியவில்லை. நாலைந்து தடவை கதவைத் திறந்தேன். மேசைமேல் அவள் கண்ணாடி இருந்தது. நாற்காலியில் போட்டிருந்த தலையணை அவள் உட்கார்ந்த இடத்தில் அமுங்கியே இருந்தது. ஒவ்வொரு முறையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாத்திவிட்டு வந்தேன். இன்னொன்றும் இருந்தது, முகிலா. அவளுடைய சேலைகளைப் பார்த்து முடித்துவிட்டேன், படங்களைப் பார்த்து முடித்துவிட்டேன், கைப்பேசியில் இருந்த குரல்களையும் கேட்டு முடித்துவிட்டேன். நான் இன்னும் பார்க்காத அவளுடைய பொருள் அது ஒன்றுதான். மனம் கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மெதுவாகப் பார்க்கலாம் என்று அதை எடுத்து வைத்திருந்தேன். எங்கும் போய்விடாது என்று நம்பினேன்.

நீ ஒவ்வொரு வாரமும் கேட்டாய். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, "அப்பா, பாத்தீங்களா இல்லையா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டாய். எனக்கும் கோபம் வந்தது. "பாத்துட்டேன்பா" என்றேன்.

உன் குரல் அப்படியே மாறிவிட்டது. "எப்படிப்பா இருந்துச்சு?"

நான் அப்போது சமையலறையில் நின்றிருந்தேன். எதிரே இரும்புக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்கியது. அதில் எந்த நாடு என்று தெரியாத ஒரு வீட்டின் படம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீலக் கதவு போட்ட வீடு. முன்னால சின்னதா ஒரு குளம். சுத்திப் பூச்செடி."

"போட்டோ?"

"கை நடுங்கிருச்சுப்பா. ஒண்ணும் சரியா விழல."

நீ அழுதாய். அம்மாவை எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு நீ அழுது நான் கேட்டது அன்றுதான். அழுதுகொண்டே "தேங்க்ஸ்பா" என்றாய். அதற்குப் பிறகும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம், உனக்குப் படம் அனுப்பியிருக்கலாம், முதலில் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். போகவில்லை. போய்ப் பார்த்தால் அங்கே நீலக் கதவு இருக்காது என்று எனக்குத் தெரியும். உன் நன்றியை வாங்கிக்கொண்ட பிறகு அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விளையாட்டை மூடி மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அந்த அறைக்குப் போனேன். வெளியே நல்ல மழை. தலையணையைத் தள்ளி வைக்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கணினியைப் போட்டேன். வெகுநேரம் ஓடி, கடைசியில் விளையாட்டின் பெயரும் பின்னால் நீ வரைந்த கடலும் வந்தன. அந்தக் கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நன்றாக வரைந்திருந்தாய். இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிறகு அதன் மேல் ஒரு சின்னக் கட்டம் வந்தது. தொடர்புகொள்ள முடியவில்லை, உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூடினேன், திறந்தேன். திரும்பவும் கடல், திரும்பவும் கட்டம். நாலு மணிவரை அதையே செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் கணினியைக் காரில் ஏற்றி ஸ்கூடாயில் பழுது பார்க்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடை நடத்துவது ஒரு தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மா விஷயத்தைச் சொன்னேன். இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தாள்.

"கேம் முழுக்க இதுலதான் இருக்கு அங்கிள். ஒண்ணும் கெட்டுப் போகல."

"அப்புறம் ஏம்மா தொறக்க மாட்டேங்குது?"

"தொறக்கறதுக்கு முன்னாடி கம்பெனி கம்ப்யூட்டர்ட்ட கேக்கும், இவங்க காசு குடுத்து வாங்குனவங்களான்னு. அவங்க ஆமான்னு சொன்னாத்தான் தொறக்கும். இப்ப அந்தப் பக்கம் பதில் சொல்ல ஒண்ணுமே இல்ல."

"வாங்குன ரசீது என்கிட்ட இருக்கும்மா. காகிதத்துலயே இருக்கு."

"அத இதுக்குக் காட்ட முடியாது அங்கிள்."

"யாராச்சும் பூட்ட ஒடைக்க முடியாதா? நீ செய்ய வேணாம், செய்யறவங்க இருந்தா சொல்லு."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "ஒடைச்சாலும் காலி நெலம்தான் இருக்கும் அங்கிள். ஆன்டி கட்டுனது எதுவும் இந்த மிஷின்ல இல்ல. அதெல்லாம் கம்பெனி பக்கம் இருந்துச்சு. மூடுன அன்னைக்கே அழிச்சிருப்பாங்க."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு நினைவுக்கு வந்தது செடெனாக் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனிதர். முப்பத்தோரு வருஷம் நில அலுவலக முகப்பில் உட்கார்ந்தவன் நான். அரசாங்க நிலத்தில் தற்காலிக உரிமம் வாங்கி, வருஷா வருஷம் புதுப்பித்து, டுரியான் மரம் வைத்து வீடும் கட்டியிருந்தார் அவர். உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று கடிதம் போனதும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நான் காசு கட்டிக்கிட்டுத்தானே இருந்தேன் சார்?" என்றார். "இது கெரான் பட்டா இல்ல, வெறும் லைசென்ஸ். நெலம் உங்களுது இல்ல. கையெழுத்து போடறப்ப படிக்கலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். பட்டா வேறு, உரிமம் வேறு என்று ஆயிரம் பேருக்கு விளக்கியவன் நான். என் வீட்டிலேயே என் மனைவி வெறும் உரிமத்தின் மேல் மூன்று வருஷம் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தை நான் ஒரு தடவைகூட வாங்கிப் படிக்கவில்லை.

நிறுவனத்துக்கும் எழுதிப் பார்த்தேன். என் மனைவி இறந்துவிட்டாள், அவள் செய்ததன் ஒரே ஒரு படம் இருந்தாலும் போதும் என்று கேட்டேன். ஒன்பது நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், விற்கப்பட்டது சேவை நடக்கும் காலத்துக்கான அனுமதி மட்டுமே, பயனாளர்களின் பதிவுகள் எதுவும் இப்போது எங்களிடம் இல்லை. அந்த நடையை எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படிப்பட்ட கடிதங்களை எழுதிப் பிழைத்தவன். அதற்கு மேல் எழுதிப் பயனில்லை என்பதும் தெரியும்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் மறைத்ததோடு நான் நிற்கவில்லை. நீ ஸ்டெல்லாவையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு, அம்மா வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒரு நாள் குளத்தில் மீன் விட்டேன். ஒரு நாள் முருங்கை மரம் வைத்தேன். "வாசல்ல என்ன இருந்துச்சு அங்கிள்?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "ரெண்டு நாற்காலி" என்றேன். "யாருக்கு ரெண்டு?" என்றாள். "ஒண்ணு அவளுக்கு. ஒண்ணு எனக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படம் வந்தது. நான் சொன்னதையெல்லாம் வைத்து வரைந்திருக்கிறாய். நீலக் கதவு, குளம், மீன், முருங்கை, இரண்டு நாற்காலி. குளாய் ஊரில் கல்யாண மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு வைக்கப்போவதாகவும், கீழே 'அம்மா கட்டிய வீடு' என்று எழுதப்போவதாகவும் சொன்னாய். ஸ்டெல்லா போனை வாங்கி, "ஆன்டியும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும் அங்கிள்" என்றாள். அந்தப் பிள்ளை உன் அம்மாவை நேரில் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த உன் அம்மா நான் சொன்ன பொய்தான். அன்றிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அது அம்மா கட்டிய வீடு இல்லை, முகிலா. நாள்காட்டியில் பாதி, என் வாயில் வந்தது பாதி. அவள் என்ன கட்டினாள் என்று யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. பொய்களில் கேவலமானது அந்த இரண்டாவது நாற்காலி. மூன்று வருஷம் எட்டிப் பார்க்காத இடத்தில் எனக்கு நானே இடம் போட்டுக்கொண்டேன். படத்தை வைப்பதா வேண்டாமா என்பதை நீயும் ஸ்டெல்லாவும் பேசி முடிவு செய்யுங்கள். அவளிடம் மறைக்காதே. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உன்னால் மன்னிக்க முடிந்தாலும் இழந்தது திரும்பாது, அது எனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். கல்யாணப் படங்களைக் காகிதத்தில் அச்செடுத்து வை. போனில் இருக்கிறது, எங்கேயோ மேலே ஏற்றி வைத்திருக்கிறோம் என்று இருந்துவிடாதே. நீ செய்கிற வேலையின் பிரதியை, உன்னுடையது என்று அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், கண்ணால் பார்க்கிற மாதிரி எங்காவது வைத்துக்கொள். நான்கு வருஷம் நீ வரைந்த மரத்தையும் வீட்டையும் இன்று உன்னாலேயே உன் பெண்டாட்டி ஆகப்போகிறவளுக்குக் காட்ட முடியவில்லையே. மற்றபடி உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அவளைப் பற்றி உனக்குக் கொடுக்க என்னிடம் உண்மையாக ஒன்றுதான் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வலி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு ஒரு மதியம், அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்களேன். ஒண்ணு காட்டணும்."

"இந்தப் பக்கத்த முடிச்சுட்டு வரேன்" என்றேன்.

"சரி, மெதுவா வாங்க" என்றாள்.

பக்கத்தை முடித்தேன். அடுத்த பக்கத்தையும் படித்தேன். அரை மணி நேரம் இருக்கும், கணினியை அணைக்கும் சத்தம் கேட்டது. அவள் அறையிலிருந்து வந்து, சமையலறைக்குப் போய், எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். என்ன காட்டக் கூப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை.

அப்பா